ரவுட்டரின் கட்டளைத் திரையிலிருந்து விபிஎன் இணைப்பைச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு அலுவலகங்களை இணையத்தின் வழியே விபிஎன் டன்னலால் இணைத்துவிட்டு, அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ரவுட்டரில் நுழைந்து பார்ப்பவர்களுக்கான பக்கம் இது. பெரும்பாலும் ஐபிசெக் பற்றியே பேசுகிறது: பாக்கெட்டுகளை மறையாக்கம் செய்து, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றி, அனுப்பும் நெறிமுறைத் தொகுப்பு அது. வயர்கார்டு என்ற இன்னொரு விபிஎன் முறைக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே முகவரிகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். நம் பக்க உள் நெட்வொர்க் 192.168.10.0/24, அதில் நம் ரவுட்டரின் முகவரி 192.168.10.1, இணையத்தை நோக்கிய பக்கத்தின் முகவரி 198.51.100.2. எதிர்முனையின் உள் நெட்வொர்க் 192.168.20.0/24, அந்த ரவுட்டர் 192.168.20.1, அதன் இணையத்தை நோக்கிய பக்கத்தின் முகவரி 203.0.113.2. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள். சாதனத்தின் பெயர் சொல்லாத இடங்களில் வருபவை சிஸ்கோ ஐஓஎஸ் கட்டளைகள்.

ரவுட்டரிலிருந்து 192.168.20.1-க்கு பிங் கொடுத்தேன். பதிலே இல்லை. டன்னல் விழுந்துவிட்டதா?

இதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அந்த பிங், அதாவது பதில் கேட்டு அனுப்பிய சோதனைப் பாக்கெட், டன்னலுக்குள் நுழைந்திருக்கவே வாய்ப்பு குறைவு.

ரவுட்டர் தானாக ஒரு பாக்கெட்டை அனுப்பும்போது, எந்த இன்டர்ஃபேஸ் வழியாக அது வெளியேறுகிறதோ அந்த இன்டர்ஃபேஸின் முகவரியையே மூல முகவரியாகப் போட்டுக்கொள்கிறது. நம் எடுத்துக்காட்டில் அது 198.51.100.2. ஆனால் டன்னலுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கும் விதி என்ன? '192.168.10.0/24-லிருந்து 192.168.20.0/24-க்குப் போவதை மட்டும் மறையாக்கம் செய்' என்பதுதான். 198.51.100.2 அந்த விதிக்குள் வராது. எனவே பாக்கெட் மறையாக்கம் ஆகாமல், வெறுமையாக இணையத்துக்குள் போகிறது. 192.168 என்று தொடங்கும் தனி முகவரிகளை இணையத்தில் யாரும் கொண்டுசேர்ப்பதில்லை என்பதால் வழியிலேயே அது கைவிடப்படுகிறது. திரையில் ஐந்து புள்ளிகள் விழுகின்றன, பதில் வராத ஒவ்வொரு பிங்குக்கும் ஒன்று.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டன்னலை இந்த ஐந்து புள்ளிகளைப் பார்த்துச் சந்தேகித்து, கட்டமைப்பைக் கலைத்து, உண்மையிலேயே கெடுத்துவிடுகிறவர்கள் உண்டு. கட்டமைப்பில் கைவைக்கும் முன், பிங் எந்த முகவரியிலிருந்து கிளம்பியது என்று பாருங்கள்.

மூல முகவரியை எப்படிக் குறிப்பிடுவது?

சிஸ்கோ ஐஓஎஸ்ஸில்: 'பிங் 192.168.20.1 சோர்ஸ் 192.168.10.1'. முகவரிக்குப் பதிலாக இன்டர்ஃபேஸின் பெயரையும் தரலாம். வெறுமனே 'பிங்' என்று தட்டி என்டர் அழுத்தினால் கேள்வி கேட்டு நிரப்பிக்கொள்ளும் நீண்ட வடிவமும் உண்டு. அதிலும் மூல முகவரிக்கு இடம் இருக்கிறது. உள் நெட்வொர்க் தனி விஆர்எஃப்பில் (ஒரே ரவுட்டருக்குள் இருக்கும் தனி ரவுட்டிங் அட்டவணையில்) இருந்தால் அதன் பெயரையும் 'பிங் விஆர்எஃப்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜூனிப்பரிலும் 'பிங் 192.168.20.1 சோர்ஸ் 192.168.10.1' தான். ஆனால் அது தானாக நிற்காது. 'கவுன்ட் 5' என்று முடிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மைக்ரோடிக்கில் 'எஸ்ஆர்சி-அட்ரஸ்=192.168.10.1' என்று சேர்க்க வேண்டும். ஃபோர்ட்டிகேட்டில் இரண்டு படிகள்: முதலில் 'எக்ஸிக்யூட் பிங்-ஆப்ஷன்ஸ் சோர்ஸ் 192.168.10.1', பிறகு 'எக்ஸிக்யூட் பிங் 192.168.20.1'. லினக்ஸ் அடிப்படையிலான ரவுட்டர்களில் பெரிய எழுத்து ஐ கொண்ட '-ஐ' விருப்பத்துடன் உள் முகவரியைத் தர வேண்டும்.

முதல் பாக்கெட் மட்டும் தவறுகிறது, மற்ற நான்கும் வருகின்றன. இது கோளாறா?

இல்லை. விதிக்குப் பொருந்தும் முதல் பாக்கெட் வந்த பிறகுதான் பல ரவுட்டர்கள் டன்னலை எழுப்பத் தொடங்குகின்றன. சாவிப் பரிமாற்றம் முடிவதற்குள் அந்த முதல் பாக்கெட் கைவிடப்படுகிறது. சிஸ்கோவில் ஒரு புள்ளியும் நான்கு ஆச்சரியக்குறிகளும் வந்தால் டன்னல் இப்போதுதான் எழுந்திருக்கிறது என்று பொருள். உடனே இன்னொரு முறை அனுப்புங்கள். ஐந்தும் வர வேண்டும். இரண்டாம் முறையும் இடையிடையே புள்ளி விழுந்தால், 'ரிபீட் 500' என்று எண்ணிக்கையைக் கூட்டி இழப்பு எவ்வளவு என்று பாருங்கள். ஐந்து பாக்கெட்டை வைத்து இழப்பு விகிதம் பேசுவதில் பயனில்லை.

நிலை 'அப்' என்று காட்டுகிறது. ஆனாலும் எதுவும் போய்ச் சேரவில்லை. எங்கே தேடுவது?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். இரு முனைகளும் சாவியை ஒப்புக்கொண்டுவிட்டன என்பதை மட்டுமே 'அப்' சொல்கிறது. தரவு போய் வருகிறதா என்பதை அறிய வேறு இடத்தில் பார்க்க வேண்டும்.

'ஷோ கிரிப்டோ ஐபிசெக் எஸ்ஏ' என்று தட்டுங்கள். நீளமாக ஓடும் அந்த வெளியீட்டில் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு எண்ணிக்கைகள். 'என்கேப்ஸ்' என்பது நாம் மறையாக்கம் செய்து அனுப்பியவை. 'டீகேப்ஸ்' என்பது எதிர்முனையிலிருந்து வந்து நாம் பிரித்தவை. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உள் முகவரியை மூலமாக வைத்து 'ரிபீட் 50' என்று பிங் அனுப்புங்கள். மறுபடியும் எண்ணிக்கைகளைப் பாருங்கள். 412 என்று இருந்த என்கேப்ஸ் 462 ஆகி, டீகேப்ஸும் அதே 50 கூடியிருந்தால் டன்னல் முழுமையாக வேலை செய்கிறது. வேறு போக்குவரத்தும் ஓடிக்கொண்டிருந்தால் எண்கள் கச்சிதமாகப் பொருந்தா. அப்போது பிங் எண்ணிக்கையை 500, 1000 என்று பெரிதாக்கினால் உங்கள் பங்கு தெளிவாகத் தெரியும்.

என்கேப்ஸ் அசையவே இல்லை என்றால் கோளாறு நம் பக்கம். பாக்கெட் டன்னலின் வாசலுக்கே வரவில்லை. முதல் சந்தேகம் நாட் எனப்படும் முகவரி மாற்றத்தின் மேல் விழ வேண்டும். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் வெளியே போகும் பாக்கெட்டுக்கு நாட் முதலில் நடக்கிறது, மறையாக்கம் அதற்குப் பிறகுதான். எனவே 192.168.10 முகவரி 198.51.100.2 ஆக மாறிவிட்டால், மறையாக்க விதி அதை அடையாளம் காணாது. 'ஷோ ஐபி நாட் டிரான்ஸ்லேஷன்ஸ்' பட்டியலில் 192.168.20 என்று தொடங்கும் சேருமிடம் ஒன்று தென்பட்டால் திருடன் அகப்பட்டுவிட்டான். அந்தப் போக்குவரத்துக்கு நாட் விதியிலிருந்து விலக்கு எழுதுங்கள். நாட் சரியாக இருந்தால், ரவுட்டிங் அட்டவணையில் 192.168.20.0/24-க்கான வழி எந்த இன்டர்ஃபேஸைக் காட்டுகிறது என்று பாருங்கள்.

என்கேப்ஸ் கூடுகிறது, டீகேப்ஸ் அப்படியே நிற்கிறது என்றால் நாம் அனுப்புகிறோம், பதில் வரவில்லை. இங்கே எதிர்முனையின் எண்ணிக்கைகளைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அங்கே டீகேப்ஸ் சுழியமாகவே இருந்தால் பாக்கெட் வழியில் தொலைகிறது. சாவிப் பரிமாற்றம் யூடிபி 500-இல் நடக்கிறது. தரவு இஎஸ்பி என்ற தனி நெறிமுறையில், எண் 50-இல், போகிறது. அது டிசிபியும் அல்ல, யூடிபியும் அல்ல. இடையிலுள்ள ஃபயர்வால் ஒன்று யூடிபி 500-ஐ விட்டுவிட்டு இஎஸ்பியைத் தடுத்தால், 'அப்' என்றும் காட்டும், எதுவும் நகராமலும் இருக்கும். அங்கே டீகேப்ஸ் கூடி என்கேப்ஸ் கூடாமல் இருந்தால், பாக்கெட் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பதில்தான் திரும்பும் வழி தெரியாமல் நிற்கிறது. எதிர்முனைக் கணினியின் கேட்வே வேறு ரவுட்டராக இருக்கலாம், அல்லது நாம் மேலே பார்த்த நாட் சிக்கல் அவர்கள் பக்கம் இருக்கலாம்.

டீகேப்ஸ் மட்டும் கூடி என்கேப்ஸ் நிற்பதும் உண்டு. அது இதே கதைதான், பக்கம் மட்டும் மாறியிருக்கிறது.

ரவுட்டரிலிருந்து பிங் போகிறது. அதன் பின்னால் இருக்கும் கணினியிலிருந்து போகவில்லை. எப்படி?

ரவுட்டர் தானே உருவாக்கும் பாக்கெட்டும், கணினியிடமிருந்து வாங்கிக் கடத்தும் பாக்கெட்டும் ஒரே விதிகளின் வழியாகப் போவதில்லை. லினக்ஸ் அடிப்படையிலான சாதனங்களிலும் மைக்ரோடிக்கிலும் முன்னது 'அவுட்புட்' விதித்தொடரையும், பின்னது 'ஃபார்வர்ட்' விதித்தொடரையும் கடக்கிறது. ஃபோர்ட்டிகேட்டில் சாதனமே அனுப்பும் போக்குவரத்துக்கு ஃபயர்வால் பாலிசி பொருந்துவதே இல்லை. ஆகவே ரவுட்டரின் பிங் வெற்றி பெற்றால் டன்னல் நலம் என்று சொல்லலாம். கணினிகளுக்கான அனுமதி பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஃபார்வர்ட் விதிகளையும் பாலிசியையும் பாருங்கள்.

எதிர்முனையில் இலக்காக எதை வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். விண்டோஸ் கணினியின் ஃபயர்வால் வேறு நெட்வொர்க்கிலிருந்து வரும் பிங்கைப் பொதுவாக ஏற்பதில்லை. முதல் இலக்காக எதிர்முனை ரவுட்டரின் உள் முகவரியையே வையுங்கள். அது பதில் தந்த பிறகு உள்ளே இருக்கும் சர்வருக்குப் போகலாம்.

டன்னல் எழவே இல்லை. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எப்படித் தெரியும்?

'ஷோ கிரிப்டோ ஐசாகேம்ப் எஸ்ஏ' என்று தட்டினால் சாவிப் பரிமாற்ற நெறிமுறையான ஐகேஇ-யின் முதல் பதிப்பின் நிலை தெரியும். 'எம்எம்_நோ_ஸ்டேட்' என்றால் பேச்சு தொடங்கியதும் நின்றுவிட்டது: எதிர்முனை முகவரி தவறு, யூடிபி 500 தடை, அல்லது இரு பக்கமும் ஒப்புக்கொள்ளும் மறையாக்க முறை ஒன்றுகூட இல்லை. 'எம்எம்_கீ_எக்ஸ்ச்' நிலையிலேயே நின்றால் பகிர்ந்துகொண்ட ரகசியச் சொல் இரு பக்கமும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நகலெடுக்கும்போது கடைசியில் ஒட்டிக்கொண்ட ஒரு வெற்றிடம் போதும், அந்தச் சொல் பொருந்தாமல் போக. 'க்யூஎம்_ஐடில்' என்றால் முதல் கட்டம், அதாவது இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் காண்பது, முடிந்துவிட்டது. தரவுக்கான சாவிகளை ஒப்புக்கொள்ளும் இரண்டாம் கட்டத்தில் தேடுங்கள். அங்கே அடிக்கடி சிக்குவது மறையாக்க விதிகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இல்லாததுதான். இங்கே /24 என்று எழுதி அங்கே /16 என்று எழுதினால் ஒத்துவராது.

இரண்டாம் பதிப்பான ஐகேஇவி2-க்கு 'ஷோ கிரிப்டோ ஐகேஇவி2 எஸ்ஏ'. அதில் 'ரெடி' என்று வர வேண்டும். சான்றிதழ் வைத்து அடையாளம் காட்டும் அமைப்பாக இருந்தால் ரவுட்டரின் கடிகாரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். தேதி பிசகிய ரவுட்டர், செல்லுபடியாகும் சான்றிதழையும் மறுத்துவிடும்.

எதிர்முனையின் 500-ஆம் போர்ட்டுக்கு டெல்நெட் செய்தேன். இணையவில்லை. போர்ட் மூடியிருக்கிறது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. டெல்நெட் டிசிபியில் பேசுகிறது, 500-உம், வழியில் நாட் இருந்தால் ஐபிசெக் பயன்படுத்தும் 4500-உம் யூடிபி போர்ட்கள். இந்தச் சோதனை தோற்பதுதான் இயல்பு. அதேபோல் 203.0.113.2 பிங்குக்குப் பதில் தரவில்லை என்பதாலும் எதிர்முனை இறந்துவிட்டதாகக் கருத வேண்டாம். இணையத்தை நோக்கிய பக்கத்தில் பிங்கை மூடி வைப்பது பல இடங்களில் வழக்கம்.

டெல்நெட் உதவும் இடம் டன்னலுக்குள். எழுந்துவிட்ட டன்னல் வழியாக உள் சர்வர் ஒன்றின் டிசிபி போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்க, 'டெல்நெட் 192.168.20.10 443' என்று தட்டி, '/சோர்ஸ்-இன்டர்ஃபேஸ்' என்பதோடு உள் இன்டர்ஃபேஸின் பெயரையும் சேருங்கள். 'ஓப்பன்' என்று வந்தால் போதும். அங்கும் மூல முகவரியைச் சொல்ல மறந்தால் முதல் கேள்வியில் கண்ட அதே பிழைதான்.

டிரேஸ்ரூட் எப்போது பயன்படும்?

வழியிலுள்ள ரவுட்டர்களை வரிசையாகப் பட்டியலிடுவதால், பாக்கெட் டன்னலுக்குள் போகிறதா, வெளியே நழுவுகிறதா என்று ஒரே பார்வையில் காட்டும். டன்னலுக்குள் போனால் இடையிலுள்ள இணைய ரவுட்டர்கள் பட்டியலில் வராது. முதலில் பதில் தரும் முகவரியே எதிர்முனையைச் சேர்ந்ததாக இருக்கும். உங்கள் இணையச் சேவையின் ரவுட்டர்கள் வரிசையாக வரத் தொடங்கினால் பாக்கெட் வெறுமையாக வெளியேறுகிறது. அங்கேயே நிறுத்திவிட்டு நாட் விதியையும் மறையாக்க விதியையும் பாருங்கள். சிஸ்கோவில் ஓடும் டிரேஸ்ரூட்டை நிறுத்த கன்ட்ரோல், ஷிப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

பிங் நன்றாகப் போகிறது. ஆனால் பெரிய கோப்பு நகலாகவில்லை, இணையப் பக்கம் பாதியில் நிற்கிறது. ஏன்?

சாதாரண பிங் சிறியது. சிஸ்கோவில் இயல்பாக 100 பைட். ஆனால் கோப்பு நகலில் வரும் பாக்கெட் 1500 பைட் வரை இருக்கும். ஐபிசெக் அதன் மேல் புதிய தலைப்பு, நிரப்பு, சரிபார்ப்பு எல்லாம் சேர்க்கிறது. தேர்ந்தெடுத்த மறையாக்க முறையைப் பொறுத்து இது ஏறத்தாழ 50 முதல் 80 பைட் வரை ஆகலாம். 1500-ஐத் தாண்டும் பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்று குறி இருந்தால் அது கைவிடப்படும். 'துண்டாக்க வேண்டும்' என்று அனுப்புநருக்குத் திரும்பிப் போக வேண்டிய ஐசிஎம்பி செய்தியையும் ஏதாவது ஒரு ஃபயர்வால் விழுங்கிவிட்டால், இணைப்பு தொங்கிப்போகும்.

இதைக் கட்டளைத் திரையிலேயே அளந்துவிடலாம். 'பிங் 192.168.20.1 சோர்ஸ் 192.168.10.1 சைஸ் 1400 டிஎஃப்-பிட்' என்று தொடங்குங்கள் ('டிஎஃப்-பிட்' என்பதுதான் துண்டாக்கக் கூடாது என்ற குறி). போனால் 1420, 1440 என்று ஏற்றுங்கள், போகாவிட்டால் இறக்குங்கள். புள்ளியோ 'எம்' எழுத்தோ விழுவதற்கு முன் கடைசியாகப் போன அளவே எல்லை. சிஸ்கோவில் நீங்கள் தரும் அளவு ஐபி தலைப்பையும் சேர்த்தது. லினக்ஸில் '-எஸ்' என்று தருவது உள்ளே இருக்கும் தரவின் அளவு மட்டும். அதனுடன் 28-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த 28-ஐ மறந்து, இரு பக்கமும் வெவ்வேறு எல்லை வருகிறதே என்று வீணாகத் தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள்.

எல்லை தெரிந்ததும், டிசிபிக்கு 'ஐபி டிசிபி அட்ஜஸ்ட்-எம்எஸ்எஸ் 1360' போன்ற ஒரு மதிப்பை உள் இன்டர்ஃபேஸில் வைத்தால் பெரும்பாலான தொங்கல்கள் தீரும். அளந்த எல்லையிலிருந்து 40-ஐக் கழித்தால் கிடைப்பதே எம்எஸ்எஸ், அதாவது ஒரு டிசிபி பாக்கெட்டில் போகக்கூடிய தரவின் உச்ச அளவு.

காலையில் வேலை செய்தது. ஒரு மணி நேரம் கழித்து அறுந்தது. மறுபடி எழுப்பினால் இன்னொரு மணி நேரம் ஓடுகிறது. இது என்ன?

சாவி மாற்றும் நேரத்தில் ஒத்துவராமல் போகிறது. இரண்டாம் கட்டச் சாவியின் ஆயுள் சிஸ்கோவில் இயல்பாக 3600 நொடி. ஒரு மணி நேரம் என்ற அந்தச் சீரான இடைவெளியே உங்களுக்குக் கிடைத்த முதல் துப்பு.

ஐகேஇவி2-இல் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு, அதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. பிஎஃப்எஸ் என்ற அமைப்பு (சாவி மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிய டிஃபி-ஹெல்மன் பரிமாற்றம் செய்வது) ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாமல் இருந்தாலும், அல்லது இரு பக்கமும் வெவ்வேறு குழு எண் இருந்தாலும், முதல் டன்னல் எந்தத் தடையுமின்றி எழுந்துவிடும். ஏனெனில் முதல் தரவுச் சாவி, அடையாளச் சரிபார்ப்போடு சேர்ந்தே உருவாகிறது. அந்த நேரத்தில் தனியாக டிஃபி-ஹெல்மன் பரிமாற்றம், அதாவது இரு முனைகளும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உருவாக்குவது, நடப்பதில்லை. சாவி மாற்றும்போதுதான் முதல் முறையாக அது நடக்கிறது, அங்கே தோற்கிறது. இதனால்தான் நிறுவிய அன்று செய்த எல்லாச் சோதனைகளும் தேறிவிடுகின்றன. டன்னல் எழுந்த கையோடு ஒப்படைத்துவிட்டுப் போகாமல், ஒரு சாவி மாற்றமாவது முடியும் வரை பிங்கை ஓடவிட்டுப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

வயர்கார்டில் எதைப் பார்ப்பது?

'டபிள்யூஜி ஷோ'. அதில் 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' என்ற வரியும், வந்த பைட், போன பைட் என்ற வரியும் போதும். வயர்கார்ட் இன்டர்ஃபேஸ் எதிர்முனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'அப்' என்றே நிற்கும். அதை நம்பிப் பயனில்லை. தரவு ஓடிக்கொண்டிருக்கும்போது ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கைகுலுக்கல் புதுப்பிக்கப்படும். பிங்கை ஓடவிட்ட பிறகும் அந்த நேரம் மூன்று நிமிடத்தைத் தாண்டினால் இணைப்பு இல்லை.

போன பைட் கூடி வந்த பைட் சுழியமாக இருந்தால் சாவி, எண்ட்பாயின்ட் முகவரி, யூடிபி போர்ட் மூன்றையும் சரிபாருங்கள். சாவி தவறானால் வயர்கார்ட் மறுப்புச் செய்தி எதுவும் அனுப்பாது, அமைதியாக இருந்துவிடும். கைகுலுக்கல் நடக்கிறது, பிங் மட்டும் போகவில்லை என்றால் 'அலவ்டு ஐபிஸ்' பட்டியலில் எதிர்ப்பக்க நெட்வொர்க் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரில் டீபக் (உள்ளே நடப்பதை வரி வரியாகக் காட்டும் கட்டளை) போடலாமா?

போடலாம், வரம்பு கட்டிக்கொண்டு. பல டன்னல்கள் உள்ள ரவுட்டரில் முதலில் 'டீபக் கிரிப்டோ கண்டிஷன் பியர் ஐபிவி4 203.0.113.2' என்று ஒரே எதிர்முனைக்கு மட்டும் சுருக்குங்கள். பிறகு 'டீபக் கிரிப்டோ ஐசாகேம்ப்'. எஸ்எஸ்ஹெச் வழியே நுழைந்திருந்தால் 'டெர்மினல் மானிட்டர்' தட்டாமல் திரையில் எதுவும் வராது. முடிந்ததும் 'அன்டீபக் ஆல்'.

டன்னலைக் கலைத்து மறுபடி எழுப்பிப் பார்க்க வேண்டுமா?

நிறுவும் நாளில் கட்டாயம் செய்யுங்கள், இரு பக்கத்திலிருந்தும். ஒரு பக்கம் தொடங்கினால் எழும், மறுபக்கம் தொடங்கினால் எழாத டன்னல்கள் ஏராளம். ஒரு முனைக்கு நிலையான இணைய முகவரி இல்லாதபோதும், அது நாட் செய்யும் சாதனத்துக்குப் பின்னால் இருக்கும்போதும், விதிகள் சற்றே பொருந்தாதபோதும் இப்படி நடக்கும். 'கிளியர் கிரிப்டோ எஸ்ஏ பியர் 203.0.113.2' என்று எதிர்முனையின் முகவரியோடு தட்டுங்கள். முகவரி இல்லாமல் தட்டினால் எல்லாக் கிளைகளின் டன்னலும் ஒன்றாக அறுந்துபோகும்.

எதிர்முனை ரவுட்டர் வேறு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 'எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது' என்கிறார்கள். என்ன கேட்பது?

சரியா என்று கேட்காதீர்கள், எண்களைக் கேளுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் திரையின் முன் இருக்கும்படி பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். நீங்கள் உள் முகவரியிலிருந்து 100 பிங் அனுப்புங்கள். அவர்கள் டீகேப்ஸ் எவ்வளவு கூடியது, என்கேப்ஸ் எவ்வளவு கூடியது என்று வாசித்துச் சொல்லட்டும். பிறகு அவர்கள் அனுப்பட்டும், நீங்கள் வாசியுங்கள். அதோடு மறையாக்க விதியில் உள்ள இரண்டு நெட்வொர்க்குகள், சாவியின் ஆயுள், பிஎஃப்எஸ் குழு எண், நாட் விலக்கு இருக்கிறதா ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரகசியச் சொல்லை மட்டும் அந்த மின்னஞ்சலில் கேட்க வேண்டாம். அதைத் தொலைபேசியில் வாசித்து ஒப்பிடலாம்.